கற்றவர் கற்க அமர்ந்தபோது

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



புனித மத்தேயு எழுதிய நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் இயேசு தம் தந்தையைப் புகழ்கிறார். எதற்காகப் புகழ்கிறார் என்று பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கிறது. கொராசின், பெத்சாய்தா, கப்பர்நாகும் ஆகிய ஊர்கள் அவருடைய வல்ல செயல்களைக் கண்டும் மனம் மாறவில்லை. வருந்த வேண்டிய அந்த நேரத்தில் அவர் நன்றி சொல்கிறார். தங்களை ஞானிகள் என்று எண்ணிக்கொண்டவர்களுக்குப் புலப்படாத ஒன்றைத் தந்தை சின்னஞ்சிறியவர்களுக்குத் திறந்து காட்டினாரே என்று மகிழ்கிறார்.

அப்படியானால் ஆண்டவருக்குப் படிப்பு பிடிக்காதா? படித்தவர்களுக்கு விண்ணரசில் இடம் இல்லையா? திருப்பூரில் உள்ள நம் பங்குகளில் இந்தக் கேள்வி இப்போது வீட்டுக்குள்ளேயே எழுகிறது. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நாள் முழுவதும் நிற்கிறார். அப்பா பவர் டேபிளில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார். இருவரும் சேர்ந்து பிள்ளையைக் கோவைக்கோ சென்னைக்கோ அனுப்பிப் படிக்க வைக்கிறார்கள். வீட்டின் முதல் பட்டதாரி அவன். படித்துத் திரும்பிய பிள்ளை, இரவுச் செபமாலைக்கு அம்மா அழைக்கும்போது, "இதெல்லாம் படிக்காதவங்களுக்கும்மா" என்கிறான். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தன் பிள்ளை தன்னைவிட அறிந்தவன் என்று அவரே நம்புகிறார். தான் உழைத்துக் கொடுத்த படிப்பே தன் நம்பிக்கைக்கு எதிராக நிற்கிறதோ என்ற பயம் அவர் மனத்துக்குள் ஓடுகிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் தொலைவில் போக வேண்டியதில்லை. ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ் மண்ணில், மதுரையில், கல்வியும் கர்வமும் நம்பிக்கையும் ஒரே தெருவில் சந்தித்த வரலாறு ஒன்று உண்டு. அதை இன்று நினைத்துப் பார்ப்போம்.

அப்போது மதுரை நாயக்கர்களின் தலைநகர். முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். நகரில் மாணவர்கள் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் என்று அக்காலத்து மறைப்பணியாளர் மடல் ஒன்று கூறுகிறது. அப்படிப்பட்ட நகரில் 1595 முதல் ஓர் இயேசு சபைக் குருவானவர் இருந்தார். பெயர் கொன்சாலோ பெர்னாண்டஸ். போர்த்துக்கல் நாட்டவர், முன்னாள் போர்வீரர். சிறிய கோவில் கட்டினார், பள்ளிக்கூடம் நடத்தினார், நோயாளிகளுக்கு மருத்துவமனை வைத்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வணிகத்துக்கு வரும் பரதவர் குலக் கிறிஸ்தவர்களையும், அங்கிருந்த போர்த்துக்கீசியரையும் ஆன்மிகமாகக் கவனித்தார். மருத்துவமனைக்கு ஊர் மக்களும் வந்தார்கள், பள்ளிக்குப் பிள்ளைகளும் வந்தார்கள். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் மதுரை மக்களில் ஒருவர்கூடத் திருமுழுக்குக் கேட்டு வரவில்லை.

காரணம் ஒரே சொல்லில் இருந்தது: பரங்கி. கடல் கடந்து வந்தவர்கள், மாட்டிறைச்சி உண்பவர்கள், மது அருந்துபவர்கள், குளிப்பிலும் உணவிலும் ஒழுங்கு இல்லாதவர்கள் என்பதே அந்தச் சொல்லுக்கு மதுரையில் இருந்த பொருள். அப்படிப்பட்டவர்களுக்கு நமக்குச் சொல்ல என்ன ஞானம் இருக்கும் என்று கற்றவர்கள் நினைத்தார்கள். சொல்வது என்ன என்று கேட்கும் முன்பே, சொல்பவர் யார் என்பதை வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆனால் இந்தப் பக்கமும் குறையில்லாமல் இல்லை. அக்காலத்து மறைப்பணியாளர்கள் திருமுழுக்குப் பெற வருகிறவரிடம், பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கம் இருந்தது. கிறிஸ்துவிடம் வர விருப்பமா என்று கேட்க வேண்டிய இடத்தில் இப்படிக் கேட்டார்கள். தங்கள் நாட்டின் உடை, உணவு, பழக்கம் எல்லாம் நற்செய்தியின் பகுதி என்றே எண்ணிக்கொண்டார்கள். எதிரே இருக்கும் மக்களின் மொழிக்குள்ளும் நூல்களுக்குள்ளும் இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வரவில்லை. கற்றுக்கொடுக்க மட்டுமே வந்தோம், கற்றுக்கொள்ள இங்கே ஒன்றும் இல்லை என்ற நினைப்பு அது. இரு பக்கமும் தமக்கு எல்லாம் தெரியும் என்றே இருந்தன. இடையில் நற்செய்தி காத்திருந்தது.

1606 நவம்பரில் அந்த மதுரைக்கு இராபர்ட் தே நொபிலி வந்தார். 1577-இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர். கர்தினால் புனித இராபர்ட் பெல்லார்மினுக்கு உறவினர். மெய்யியலும் இறையியலும் கற்றவர். ஐரோப்பா அன்று தரக்கூடிய மிகச் சிறந்த கல்வி அவரிடம் இருந்தது. 1605-இல் கோவாவில் இறங்கி, முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தமிழ் படித்து, பிறகு மதுரைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 29.

அவர் செய்த முதல் வேலை மாணவர் ஆவது. தமிழை இன்னும் ஆழமாகக் கற்றார். தெலுங்கு கற்றார். சிவதர்மர் என்ற தெலுங்கு பிராமண அறிஞரிடம் சமஸ்கிருதம் கற்றார். காவி உடுத்தார், சைவ உணவுக்கு மாறினார், ஒரு நாளைக்கு ஒரு வேளை உண்டார், தனிக் குடிசையில் வாழ்ந்தார். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தார்கள்.

இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வயதும் பட்டமும் பெற்ற ஒருவர் மீண்டும் எழுத்துக் கூட்டிப் படிக்க அமர்வது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். பேச்சில் பிழை வரும், உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ரோமையில் வாதம் செய்து பாராட்டுப் பெற்றவர், இங்கே ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டுக் காத்திருக்க வேண்டும். அதேபோல் சிவதர்மரையும் நாம் மதிப்போடு நினைக்க வேண்டும். வேத நூல்களை வெளிநாட்டவர் ஒருவருக்குக் கற்பிப்பது அன்று அவருக்கு ஆபத்தான செயல். கற்பிக்க அவரும் தம் உயரத்திலிருந்து இறங்கித்தான் வந்தார். பின்னர் அவர் திருமுழுக்கும் பெற்றார்.

நொபிலியின் பணியில் முதலில் மனம் மாறியவர்களுள் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். அவர் எளிதில் தலையாட்டியவர் அல்லர். இருபது நாள்கள், நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம், நொபிலியோடு உட்கார்ந்து கேள்வி கேட்டார், மறுத்தார், மீண்டும் கேட்டார். கடைசியில் ஆல்பர்ட் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார்.

அன்பார்ந்தவர்களே, இந்த இருபது நாள்களை நாம் கவனிக்க வேண்டும். கேள்வி கேட்பது ஆணவம் என்று சிலர் நினைக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை, "கடவுள் நல்லவர்னா பூகம்பம் ஏன் வருது?" என்று கேட்டால், "வாயை மூடு" என்று சொல்லி அனுப்புவோர் உண்டு. அந்த ஆசிரியர் எத்தனை கேள்விகள் கேட்டிருப்பார்! கேள்வியால் அவருடைய நம்பிக்கை கெடவில்லை. கேள்வியின் வழியாகத்தான் அவர் வந்தார். அவரிடம் இருந்த ஒன்று என்னவென்றால், கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை அவர் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்தார். ஆணவம் கொண்ட அறிவு கேள்வியை வீசிவிட்டு எழுந்து போய்விடும். பதில் அதற்குத் தேவையில்லை, எதிரே இருப்பவர் திணறினால் போதும்.

இத்துடன் வரலாற்றை முடித்துவிட்டால் கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் முழு உண்மையாக இராது. ஏனெனில் ஆணவம் ஒரு கதவு வழியாகப் போனால் இன்னொரு கதவு வழியாக வரக்கூடியது. 1611-இல் நொபிலி தம் வீட்டு வாசலில் ஓலையில் எழுதிய அறிவிப்பு ஒன்றை வைத்தார். தாம் பரங்கி அல்லர், பரங்கிகளின் நாட்டில் பிறந்தவரும் அல்லர், ரோமையில் அரசர்களுக்கு ஒப்பான குடும்பத்தில் பிறந்தவர் என்று அதில் அறிவித்தார். நற்செய்திக்குத் தடையாக இருந்த ஒரு சொல்லை அகற்றவே அவர் அதைச் செய்தார். நோக்கம் நல்லது. ஆனாலும் பிறப்பின் பெருமையை வைத்துக் கதவு திறந்தபோது, பிறப்பின் பெருமை கிறிஸ்தவ வீட்டுக்குள்ளும் இடம் பிடித்தது. உயர்ந்தவர் என்று கருதப்பட்டவர்களோடு பழக, தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களிடமிருந்து அவர் விலகி வாழ வேண்டியதாயிற்று. அதே ஊரில், அதே சபையைச் சேர்ந்த முதியவர் பெர்னாண்டஸ் ஒரு பக்கம், இளையவர் நொபிலி ஒரு பக்கம் என்று ஆனது.

பெர்னாண்டஸ் மனம் நொந்தார். 1610-இல் நொபிலியின் முறையைக் குறைகூறி மேலதிகாரிகளுக்கு மடல் எழுதினார். இவர்களில் யார் தாழ்ச்சி உள்ளவர், யார் கர்வி? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நோயாளியின் புண்ணைக் கழுவிய கைகள் பெர்னாண்டஸுடையவை. ஆனால் மாற்று வழி ஒன்று உண்டு என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. நொபிலியோ அந்நியரின் காலடியில் அமர்ந்து கற்றார். ஆனால் பக்கத்தில் இருந்த படிக்காத சகோதரரின் வலி அவருக்கு எட்டியதா என்று கேட்கத் தோன்றுகிறது. கர்வம் படித்தவருக்கு மட்டும் உரிய நோய் அன்று. 'எனக்கு அனுபவம் இருக்கிறது, நேற்று வந்தவன் எனக்குச் சொல்வதா' என்பதும் அதே நோயின் இன்னொரு வகை.

வழக்கு கோவாவுக்கும் ரோமைக்கும் போனது. பல ஆண்டுகள் நொபிலியின் பணி நெருக்கடியில் இருந்தது. பெல்லார்மினே முதலில் கேட்ட செய்திகளை நம்பி வருந்தி எழுதினார். உண்மை தெரிந்தபின் அவருக்குத் துணை நின்றார். 1619-இல் கோவாவில் கூடிய அவையில் நொபிலிக்கு எதிராகப் பலர் பேசினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. தாம் கற்ற நூல்களிலிருந்து சான்றுகள் காட்டி விரிவாக எழுதினார். ஆனால் தீர்ப்புத் தமக்குச் சாதகமாக வரும்வரை திருச்சபையை விட்டு விலகி நின்று தம் வழியில் போகவில்லை. காத்திருந்தார். தம் அறிவு சரியென்று உறுதியாகத் தெரிந்த ஒருவர், தம்மைவிடக் குறைவாக அறிந்தவர்களின் தீர்ப்புக்குக் காத்திருப்பது சிறிய சிலுவை அன்று.

1623 சனவரி 31-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி முடிவு சொன்னார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை மூடநம்பிக்கையின்றிக் குல அடையாளங்களாகக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். ஆனால் அதே ஏட்டில் அவர் இன்னொன்றையும் சேர்த்தார். உயர்குடியில் பிறந்தவர்கள் எளியவர்களை இகழ வேண்டாம், குறிப்பாகக் கோவிலில், இறைவார்த்தையைக் கேட்கும்போதும் அருளடையாளங்களைப் பெறும்போதும் இகழ வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அனுமதியை நம் முன்னோர் நன்றாக நினைவில் வைத்தார்கள். வேண்டுகோளை மறந்துவிட்டார்கள். அதன் விலையை நம் தமிழகத் திருச்சபை தனித்தனி வரிசைகளிலும் தனித்தனிக் கல்லறைகளிலும் நெடுங்காலம் கொடுத்தது.

அதே ஆண்டில் நொபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்தார். திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம், சேலம் என்று நம் கொங்கு மண்ணை நோக்கி வந்தார். சேலத்தில் அவருக்கு வீடு கொடுக்க யாரும் இல்லை. ஊருக்கு வெளியே திறந்த சத்திரத்தில் காற்றிலும் பனியிலும் நோயோடு பல நாள்கள் கிடந்தார். மதுரையில் அறிஞர்கள் தேடி வந்த தத்துவ போதகரை இங்கே யாருக்கும் தெரியாது. அவர் கற்ற மூன்று மொழிகளும் ஒரு கூரையைப் பெற்றுத் தரவில்லை. பின்னர் சேலம் பகுதியில் கதவுகள் திறந்தன. அங்கு ஆண்ட இராமச்சந்திர நாயக்கரின் சகோதரர் திருமங்கல நாயக்கர் திருமுழுக்குப் பெற்றார். ஆனால் சத்திரத்து நாள்கள் அதற்கு முன்பே வந்தவை.

1640 அளவில் மதுரை மறைப்பணியில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அறிஞர்களை வென்றால் மற்றவர்கள் தாமாகப் பின்தொடர்வார்கள் என்ற கணக்கு நடக்கவில்லை. பிராமணர்களில் வந்தவர்கள் சிலரே. அப்போது பல்தசார் த கோஸ்தா என்ற இயேசு சபைக் குரு பண்டாரச் சாமியாக வாழத் தொடங்கினார். எல்லாக் குலத்தாரிடமும், ஒதுக்கப்பட்டவர்களிடமும் போய்வரக்கூடிய துறவி வாழ்வு அது. நொபிலியும் இந்த முறைக்கு ஆதரவாக இருந்தார். தம் முறை மட்டுமே முறை என்று அவர் சாதிக்கவில்லை. மதுரை மறைப்பணி எளிய மக்களிடையே வேர்விட்டு வளர்ந்தது பண்டாரச் சாமிகளின் உழைப்பால்தான். சத்தியமங்கலம் பகுதியிலும் கொங்கு நாட்டின் பிற இடங்களிலும் நம்பிக்கையின் விளக்கு ஏற்றப்பட்டது அந்த நூற்றாண்டின் இயேசு சபை மறைப்பணியால். அக்டோபர் மாதத்தில் நாம் நடந்து போகும் கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் திருத்தலமும் அந்தப் பழைய மறைப்பணியின் வழியில் வந்தது. உழவரும் நெசவாளரும் கூலிக்காரரும் ஏற்ற விளக்கு அது. அறிஞர்களுக்காக விரித்த வலையில் சின்னஞ்சிறியவர்கள் நிறைந்தார்கள். மத்தேயு 11-இல் ஆண்டவர் மகிழ்ந்தது இதற்காகத்தான்.

நொபிலியின் கடைசி நாள்கள் மயிலாப்பூரில் கழிந்தன. கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. 'ஞானோபதேசம்', 'ஆத்தும நிருணயம்', 'தூஷணத் திக்காரம்' போன்ற உரைநடை நூல்களைத் தமிழுக்குத் தந்தவரால் ஓர் ஓலையைக்கூட வாசிக்க முடியவில்லை. மண் குடிசையில் கீரையும் சோறுமாக வாழ்ந்து, செபித்து, 1656 சனவரி 16-இல் ஆண்டவரில் துயில்கொண்டார். நூல்களோடு தொடங்கிய வாழ்வு நூல்கள் இல்லாமல் முடிந்தது. நம்பிக்கை மட்டும் அவரிடம் கடைசிவரை இருந்தது.

அன்பார்ந்தவர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? கல்வி நம்பிக்கைக்குத் தடை என்றால் இயேசு சபையினர் இந்த நாட்டில் கல்லூரிகளைக் கட்டியிருக்க மாட்டார்கள். நம் பங்குகளில் கோவிலுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்காது. 1998-இல் திருத்தந்தை புனித 2-ஆம் யோவான் பவுல், நம்பிக்கையும் பகுத்தறிவும் ஒன்றுக்கொன்று துணை என்பதை விளக்க ஒரு சுற்றுமடலே எழுதினார். தடை கல்வியில் இல்லை. இனி யாரிடமும் மாணவனாக உட்கார மாட்டேன் என்று கல்வி சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் தடை பிறக்கிறது.

நம் ஊர்த் தொழிலை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். நிட்டிங் மெஷினில் வட்டமாக ஆயிரக்கணக்கான ஊசிகள் இருக்கின்றன. அவற்றில் ஓர் ஊசியின் கொக்கி உடைந்துவிட்டால், பெரும்பாலும் மெஷின் உடனே நின்றுவிடாது. அதே சத்தம், அதே வேகம். நூலும் நல்ல நூல்தான். ஆனால் ரோல் முழுவதும் ஒரு கோடு ஓடிக்கொண்டே வரும். ஓடும்போது தெரியாது. துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். அதைக் கண்டு சொல்பவர் பெரும்பாலும் இன்ஜினியர் அல்லர், செக்கிங்கில் நிற்கும் ஒரு அக்கா. "அண்ணா, இதுல ஊசிக் கோடு வருது" என்று அவர் சொல்லும்போது, 'எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்' என்று மெஷின்காரர் சொன்னால், அடுத்த ரோலும் வீண், அதற்கடுத்த ரோலும் வீண். அந்தக் கோட்டுக்காக யாரும் மெஷினை உடைப்பதில்லை. ஊசியைத்தான் மாற்றுகிறோம். அறிவாணவமும் அப்படியே. அறிவைத் தூக்கி எறியச் சொல்லி ஆண்டவர் கேட்கவில்லை. உடைந்த அந்த ஒரு ஊசியைக் கழற்றித் தரச் சொல்கிறார்.

நொபிலி பிறந்த நாட்டிலிருந்தே இன்னொருவரையும் நினைப்போம். நான்காம் நூற்றாண்டில் ரோமையில் விக்டோரினுஸ் என்ற புகழ்பெற்ற பேராசிரியர் இருந்தார். அவருக்குப் பொது மன்றத்தில் சிலையே வைத்திருந்தார்கள். முதுமையில் அவர் திருநூலை வாசித்தார், உண்மை என்று கண்டார். சிம்பிளிசியானுஸ் என்ற குருவிடம், 'நான் ஏற்கெனவே கிறிஸ்தவன்தான்' என்று தனியாகச் சொல்வார். குருவோ, உம்மைக் கோவிலில் பார்த்தால்தான் நம்புவேன் என்பார். அப்படியென்றால் சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவன் ஆக்குகின்றன என்று விக்டோரினுஸ் சிரிப்பார். கேலி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது பயம். கற்ற நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம். மீன்காரரோடும் அடிமைகளோடும் வரிசையில் நிற்க வேண்டுமே என்ற கூச்சம். கடைசியில் ஒருநாள், "வாரும், கோவிலுக்குப் போவோம்" என்று அவரே அழைத்தார். நம்பிக்கை அறிக்கையைத் தனியாகச் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். அவர் மறுத்து, மக்கள் எல்லாரும் காண மேடையில் ஏறிச் சொன்னார். கூட்டம் மகிழ்ச்சியில் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. இந்த நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் புனித அகுஸ்தீனாரின் நெஞ்சமும் அசைந்தது. அவரும் இளமையில் திருநூலை வாசித்து, இதன் நடை நம் இலக்கியத்துக்கு ஈடாகாது என்று மூடி வைத்தவர்தான்.

"கடவுளை நம்புறேன், ஆனா கோவிலுக்கு எதுக்கு?" என்று நம் இளைஞர்கள் கேட்பது புதிய கேள்வி அன்று. 1600 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேராசிரியர் கேட்டுவிட்டார். அவரே பதிலும் கண்டுபிடித்தார். கோவில் சுவர்கள் நம்மைக் கிறிஸ்தவர் ஆக்குவதில்லை. ஆனால் நம்மைவிடக் குறைவாகப் படித்தவரின் பக்கத்தில் முழந்தாளிட்டு, அதே அப்பத்தை அதே வரிசையில் நின்று வாங்கும்போது, நம் உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று உடைகிறது. அது உடைந்தால்தான் கிறிஸ்து உள்ளே வருகிறார்.

இளையோருக்கு மட்டும் இதைச் சொல்லி முடிக்க முடியாது. ஆண்டாண்டுகளாகக் கோவிலுக்கு வருகிற நம்மிடமும் இந்த ஊசி உடையலாம். பங்குப்பேரவையில், அன்பியத்தில், பாடற்குழுவில், 'எங்களுக்குத் தெரியாததா' என்ற சொல் எத்தனை முறை எழுகிறது? இன்று திருப்பூரின் நிட்டிங்கிலும் சாயப்பட்டறையிலும் பவர் டேபிளிலும் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், அஸ்ஸாம் மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள் உழைக்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு. சோட்டா நாக்பூர் மலைகளில் 1885 முதல் அருள்பணியாளர் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் விதைத்த நம்பிக்கையின் வழிவந்த பழங்குடிப் பிள்ளைகளும் அவர்களுள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலின் கடைசி வரிசையில், மொழி புரியாமல், ஆனால் முழு மனத்தோடு நிற்கும் அவர்களை நாம் 'ஹிந்திக்காரப் பசங்க' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோமா? மதுரையில் அன்று 'பரங்கி' என்ற சொல் செய்த வேலையை இன்று நம் வாயில் இந்தச் சொல் செய்யலாம். அவர்கள் பாடும் ஒரு பாடலை, அவர்கள் சொல்லும் ஒரு செபத்தை, அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லவாவது கற்றுக்கொள்ள நம்மில் எத்தனை பேர் மாணவர்களாக அமர ஆயத்தம்?

படித்த பிள்ளைகளே, உங்கள் கேள்விகளைக் கோவிலுக்குக் கொண்டுவாருங்கள். அந்த மதுரை ஆசிரியரைப்போல இருபது நாள் ஆனாலும் உட்கார்ந்து கேளுங்கள். பங்குத்தந்தையிடம் கேளுங்கள், நூல்களில் தேடுங்கள். ஒரு நாளாவது உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள்: "அம்மா, அவ்வளவு கஷ்டத்திலும் உனக்கு எப்படி நம்பிக்கை போகலை?" அவரிடம் மெய்யியல் சொற்கள் இருக்காது. ஆனால் சாயப்பட்டறைகள் மூடிய 2011-ஆம் ஆண்டிலும், கம்பெனியில் வேலை இல்லாத மாதங்களிலும் அடுப்பு எரிந்த கதையை அவர் சொல்வார். அந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

தாய்மாரே, தந்தையரே, உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியாததால் உங்கள் நம்பிக்கை குறைந்தது என்று எண்ண வேண்டாம். நிக்கதேம் இஸ்ரயேலில் போதகர். ஆயினும் இரவில் ஆண்டவரிடம் வந்து மாணவராக அமர்ந்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. ஆனால் எழுந்து போன பிறகும் அவர் அந்தப் பேச்சை மறக்கவில்லை. எல்லாரும் ஓடிப்போன நாளில், சிலுவையிலிருந்து இறக்கிய உடலை அடக்கம் செய்ய நறுமணப் பொருள்களோடு வந்தவர் அவர்தான். உங்கள் பிள்ளையும் ஒருநாள் வரலாம். அதுவரை வீட்டில் செபமாலையை நிறுத்தாதீர்கள்.

மன்றாடுவோம்: ஞானத்தின் ஊற்றாகிய ஆண்டவரே, எங்களுக்குக் கல்வியைத் தந்ததற்கு நன்றி. கற்றது கையளவு என்பதை எங்களுக்கு நினைவூட்டும். எங்களைவிட எளியவர்களிடம் கற்றுக்கொள்ளும் மனத்தைத் தாரும். கேள்விகளோடு தவிக்கும் எங்கள் பிள்ளைகளை உம் பக்கத்தில் உட்கார வையும். வேற்று மாநிலத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்து உழைக்கும் சகோதரர்களில் உம்மைக் கண்டுகொள்ளச் செய்யும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.